கண்டக்டர் இல்லாத வண்டி

டெய்லரம்மாவுக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. இடி இடித்தால் பயமில்லை. ஒரு தடவை கடைக்குள் புகுந்து கலாட்டா செய்த குடிகாரனைக் கத்தரிக்கோலைக் காட்டியே தெருமுனை வரை ஓட்டினவள் அவள். ஆனால் அந்தக் ‘கர்ர்ர்’ சத்தம் கேட்டால் போதும், வயிற்றில் இருப்பதெல்லாம் தொண்டைக்கு வந்துவிடும்.

சத்தம் வருவது அவள் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளிலிருந்து. மோட்டார் சைக்கிள் என்றதும் பால்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்ளக் கூடாது. நானூறு கிலோவுக்கு நாலு கிலோதான் குறைவு. முன்னால் அகலக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் தனியாக ஒரு பெட்டி, சோபாவில் உட்கார்வது போல இரண்டு இருக்கை. அவர் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். பஸ்ஸை விட்டு இறங்கிய மறுமாதமே இந்த வண்டியில் ஏறிவிட்டார். வீட்டில் வேளாவேளைக்குத் துடைப்பதும் தடவிக் கொடுப்பதுமாக அவர் செய்கிற சேவையைப் பார்த்துவிட்டு, டெய்லரம்மா அதற்குச் ‘சக்களத்தி’ என்று பேர் வைத்தாள். அவருக்கும் அந்தப் பேர் பிடித்துப்போய்விட்டது.

இவ்வளவு கனமும் இவ்வளவு தாழ்வுமான வண்டி வளைவில் திரும்ப வேண்டுமென்றால் சாய்ந்துதான் ஆக வேண்டும். எவ்வளவு சாயலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கால் வைக்கிற அகலப் பலகை இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பலகையின் வெளிவிளிம்புக்கு அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு போல்ட் தொங்கும். வண்டி சாயச் சாயத் தரையை முதலில் தொடுவது அதுதான். ‘கர்ர்ர்’ என்று உரசும், நாலு பொறி பறக்கும். வண்டி வேகமாகப் போனால்தான் உரசும் என்றில்லை, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் சாவகாசமாகப் போனாலும் உரசும். டிரைவர் வேகக்காரர் அல்ல. ஆனால் உரசினால் அவருக்கு ஒரே குஷி.

“கண்டக்டர் விசில் அடிக்கிறான் பாரு,” என்பார் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மைக்கில்.

“சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு? மெதுவா போங்க,” என்பாள் அவள்.

“சரிம்மா.”

ஏழு வருஷமாக வளைவுக்கு ஒரு ‘மெதுவா போங்க’, அதற்கு ஒரு ‘சரிம்மா’. சந்தைக்குப் போகும்போது ஒரு தடவை, சாலையே நேராக இருக்கும்போதும் பழக்கத்தில் ஒரு தடவை. கடைசியில் அந்த வார்த்தை தேய்ந்து போயிற்று. அவள் சொல்வதும் அவள் காதில் விழவில்லை, அவர் பதில் சொல்வதும் அவர் காதில் விழவில்லை.

கண்டக்டர் என்று அவர் எதைச் சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தையல். ஒரு சட்டையில் நூல் தொங்கினால் அது எதிலாவது மாட்டும், மாட்டினால் இழுக்கும், இழுத்தால் கிழியும். ஆகையால் தொங்குகிற நூலைக் கத்தரித்துவிட வேண்டும். வண்டிக்கு அடியில் ஓர் இரும்பு தொங்குகிறது, அது தரையில் மாட்டுகிறது, என்றைக்காவது ஒருநாள் இழுத்துக் கவிழ்த்துவிடப் போகிறது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவளுடைய தம்பி மெக்கானிக். அவனுடைய பட்டறைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் டிரைவர். வேறு ஒருத்தர் கையும் தன் வண்டியில் படவிடமாட்டார். “என் மச்சான் கை பட்டா வண்டி தப்பு பண்ணாது,” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். முழங்கால் வலி வந்ததிலிருந்து குனிந்து பார்ப்பதையும் விட்டுவிட்டார். அடியில் இருப்பதெல்லாம் மச்சான் பொறுப்பு. ஒரு மாசத்துக்கு முன்னால் வண்டி ஆயில் மாற்றுவதற்காகப் பட்டறையில் நின்றபோது, டெய்லரம்மா கடையை அடைத்துவிட்டு அங்கே போய் நின்றாள்.

“தம்பி, இந்தத் தொங்குறதைக் கழட்டிடு.”

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் தலையை வெளியே நீட்டினான். “எது? இதுவா? அக்கா, அது எதுக்கு இருக்குன்னா…”

“உன் பாடமெல்லாம் எனக்கு வேணாம். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு உயிரே போகுது. ராத்திரி தூக்கத்துல கூட கேட்குது. கழட்டுவியா மாட்டியா?”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அக்கா அழுது அவன் பார்த்தது அம்மா செத்த அன்றைக்குத்தான். எழுந்து உட்கார்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

“கழட்டுறேன். ஆனா மாமாகிட்ட நீ சொல்லிடணும். கண்டிப்பா சொல்லணும். அவருக்குத் தெரியாம அவர் வண்டியில நான் கை வச்சேன்னு ஆகக் கூடாது.”

“சொல்றேன்டா. நான் சொல்லாம யாரு சொல்லப்போறா?”

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. டிரைவர் பஸ் ஓட்டிய காலத்தில் டிப்போ மெக்கானிக் ஒருவர் அவருக்கு உயிர் நண்பர். ஒருநாள் அந்த மனுஷன் நல்லது நினைத்து, இவரிடம் சொல்லாமல் பஸ்ஸின் பிரேக்கை இறுக்கி வைத்துவிட்டார். அன்றைக்கு முதல் நிறுத்தத்தில் டிரைவர் வழக்கம்போலக் காலை வைக்க, நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் முன்னால் போய் விழுந்தார்கள். ஒரு அம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. அதற்கப்புறம் டிரைவர் அந்த நண்பரிடம் ஒன்பது வருஷம் பேசவில்லை. அவர் செத்ததற்கும் போகவில்லை. “திட்டுறதுக்கு என்ன இருக்கு? அவன் சொல்லாம தொட்டான். அவ்வளவுதான்,” என்பார்.

இது டெய்லரம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். சொன்னால் மறுநாளே திரும்ப மாட்டச் சொல்லுவார். ஊருக்குள் ஓட்டுகிற ஓட்டத்தில் வண்டி அந்த அளவுக்குச் சாய்வதும் இல்லை, சத்தம் வராததை அவர் கவனிக்கவும் இல்லை. பிறகு அவளுக்கே மறந்துவிட்டது.

மகளுக்குக் குழந்தை பிறந்து இருபதாவது நாள் கிளம்பினார்கள். மகள் வீடு மலைக்கு அந்தப் பக்கம். அம்மாவின் பழைய கைத்தையல் மெஷின் வேண்டும், குழந்தைக்குத் தானே தைத்துப் போட வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். வார்ப்பிரும்பு மெஷின், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதை வலது பெட்டியில் வைத்து, சமன் பண்ண இடது பெட்டியில் ஸ்பேனர் செட்டையும் பழைய பேட்டரி ஒன்றையும் போட்டார் டிரைவர். குழந்தைக்கு அவள் தைத்த பதினாறு சட்டை பின்பெட்டியில். இருவரும் ஏறி உட்கார்ந்ததும் சக்களத்தியின் பின்பக்கம் நன்றாக இறங்கிக்கொடுத்தது.

ஏறுகிற பக்கம் பத்தொன்பது வளைவு. முதல் வளைவில் டெய்லரம்மா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி சாய்ந்தது. வயிறு அந்தப் பழைய இடத்தில் கவ்வியது. சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். இரண்டாவது வளைவிலும் வயிறு கவ்வியது, சத்தம் வரவில்லை. அடடா, இது அல்லவா சவாரி என்று நினைத்தாள். பத்தாவது வளைவுக்குள் சுற்றி இருக்கிற மரங்களைப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள். ஏழு வருஷத்தில் மலையில் மரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

உச்சியில் ஒரு கேன்டீன் இருந்தது. டிரைவர் காபியை உறிஞ்சிக்கொண்டு, பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி சக்களத்தியையே பார்த்தார்.

“இன்னிக்கு என்னவோ தெரியல, இவ அருமையா வளையுறா. எவ்வளவு சாய்ச்சாலும் கண்டக்டர் வாயே திறக்கல. முன்னாடியெல்லாம் நான்தான் சாய்க்க பயந்திருக்கேன் போல. இன்னும் நிறைய இடம் இருக்கு.”

அவள் தலையாட்டினாள். மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போனபோது அவளுடைய ஃபோன் அடித்தது. தம்பி.

“அக்கா, மலைப்பாதையிலயா போறீங்க? மெஷினையும் ஏத்திட்டுப் போயிருக்கீங்களாம், உன் பொண்ணு இப்பதான் ஃபோன்ல சொன்னா.”

“ஆமாடா. உச்சிக்கு வந்தாச்சு. இனிமே இறக்கம்தான்.”

“மாமாகிட்ட சொல்லிட்ட இல்ல?”

“எதை?”

பட்டறையில் ஏதோ இரும்பு கீழே விழுகிற சத்தம் ஃபோனில் கேட்டது.

“அக்கா. அந்த போல்ட் கழட்டினதை.”

“சொல்லிக்கலாம்டா. இப்ப என்ன அதுக்கு?”

“அய்யோ அக்கா!” அவன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நான் சொல்றதைக் குறுக்க பேசாம கேளு. அது சும்மா தொங்கல. தரையில பட்டு, இதுக்கு மேல சாய்க்காதேன்னு சத்தம் குடுக்கறதுக்காகவே வச்சிருக்கான். அது பட்டா கால் பலகையே மேல் பக்கமா மடங்கிக்கும், ஆபத்து கிடையாது. அது இல்லேன்னா பலகை விளிம்பு படும். ஆனா ரெண்டு ஆளு, மெஷின், பெட்டின்னு ஏத்தினா பின்னாடி இறங்கிடும். அப்ப பலகை படறதுக்கு முன்னாடியே வண்டியோட அடிச்சட்டம் போய்க் குத்தும். அது மடங்காது அக்கா. மொத்த எடையும் அது மேல ஏறிடும். பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிடும்.”

“தூக்கினா?”

“தூக்கினா தரையைப் பிடிக்க ஒண்ணும் இருக்காது.”

டெய்லரம்மா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “ஏன்டா, இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“வாயைத் திறந்தேன், பாடம் வேணாம்னு சொன்னே. மாமாகிட்ட சொன்னா அவரே மாட்டச் சொல்லுவார்னு ரெண்டையும் டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். ஃபோனை அவர்கிட்ட குடு.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த முதுகை அவள் பார்த்தாள். ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த முதுகு அது. ஃபோனைக் கொடுத்தால் தம்பியின் குரலில் இது அவருக்குத் தெரியும். அதோடு தம்பி போனான், பட்டறை போயிற்று, அவளுக்குப் பிறந்த வீடும் போயிற்று.

“நானே சொல்றேன்,” என்று ஃபோனை வைத்தாள்.

கிட்டே போய், “ஏங்க, ஒரு விஷயம்,” என்றாள்.

“ஏறும்மா, ஏறு. மேகம் எப்படி இறங்குது பாரு. மழைக்கு முன்னாடி கீழ போயிடணும். போயிட்டே பேசலாம், அதுக்குத்தானே மைக் மாட்டியிருக்கு.”

அவள் ஏறினாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தரையில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதைச் சொல்லாமல், ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட் வாரைத் தாடைக்கு அடியில் இழுத்து மாட்டிக்கொண்டாள்.

இறங்குகிற பக்கம் இருபத்து மூன்று வளைவு. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பலகையில் எண் போட்டிருந்தது. இருபத்து மூன்றாவது வளைவு வந்தது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சுவர், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. வண்டி சாய்ந்தது. வயிறு கவ்வியது. அந்த இடத்தில் கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை. வண்டி இன்னும் சாய்ந்தது.

“மெதுவா போங்க.”

“சரிம்மா.”

இருபத்திரண்டு.

“மெதுவா போங்கன்னா! கேட்குதா?”

“சரிம்மா, சரிம்மா.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னிடம் இருந்த ஒரே வார்த்தையை ஏழு வருஷமாகச் சந்தைக்கும் சாவடிக்கும் செலவழித்துத் தீர்த்துவிட்டிருந்தாள். இன்றைக்கு நிஜமாகவே வேண்டும்போது அதில் ஒன்றுமே மிச்சமில்லை.

சொல்லிவிட வேண்டும். ஆனால் சாய்ந்திருக்கும்போது சொன்னால்? திடுக்கிட்டு பிரேக்கை அழுத்திவிட்டால்? வளைவு முடியட்டும். முடிந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது போகட்டும். போனது. எதிரே ஒரு கார். அதுவும் போகட்டும். உள்ளதைச் சொன்னால், அவளைத் தடுத்தது வளைவும் இல்லை, லாரியும் இல்லை. நாக்கு எழவில்லை. அவ்வளவுதான்.

இருபத்தொன்றில் டிரைவர் சீட்டியடிக்க ஆரம்பித்தார். “பாத்தியா? இப்பவும் சத்தமே இல்ல. இத்தனை நாளா இவளை நான் சரியா ஓட்டவே இல்லை போல இருக்கு.”

அவளுடைய இரண்டு கையும் அவர் இடுப்பைப் பற்றியிருந்தன. அந்தச் சட்டை அவள் தைத்தது. தையல் பிரிகிற மாதிரி இழுத்துப் பிடித்திருந்தாள்.

இருபதாவது வளைவு மற்றவற்றைவிட இறுக்கமானது. பாதியில் இன்னும் உள்ளே மடங்கியது. டிரைவர் அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அவள் வயிறு கவ்வி, விட்டு, மறுபடியும் கவ்வியது.

‘டக்.’

கர்ர்ர் இல்லை. யாரோ அடியிலிருந்து சுத்தியலால் ஒரே ஒரு அடி அடித்த மாதிரி, கனமாக, சுருக்கமாக. அவள் உட்கார்ந்திருந்த இடமே ஒரு சாண் வெளிப்பக்கம் நகர்ந்தது. கல் சுவர் கிட்டே வந்தது. சுவருக்கு அப்பால் தூரத்தில், கீழே, ஒரு வீட்டின் கூரை தெரிந்தது. அந்தக் கூரைமேல் காயப்போட்டிருந்த ஒரு நீலத் துணிகூடத் தெரிந்தது. பிறகு பின் சக்கரம் தரையைப் பிடித்தது. வண்டி ஒரு தடவை உதறி நேரானது.

“கல்லு,” என்றார் டிரைவர். குரலில் சீட்டி இல்லை. “கல்லு ஏதோ பட்டிருக்கு. பயப்படாதே.”

பத்தொன்பதாவது வளைவு அகலமானது, அதனால் தப்பித்தார்கள். அதற்கப்புறம் நூறு அடிக்கு நேர் சாலை. அதன் முடிவில் பதினெட்டின் மஞ்சள் பலகை தெரிந்தது. அது நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே அவள் வாயைத் திறந்தாள். தம்பி போனாலும் போகட்டும், பட்டறை போனாலும் போகட்டும், மனுஷன் உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

“கல்லு இல்லைங்க. கண்டக்டர் இல்ல. உங்க கண்டக்டர் வண்டியிலயே இல்ல. நான் கழட்டச் சொல்லிட்டேன். ரெண்டு பக்கமும் கழட்டியாச்சு. இப்ப பட்டது அடிச்சட்டம்.”

வண்டி பதனமாக வேகம் குறைந்தது. பதினெட்டாவது வளைவின் வெளிப்பக்கம் லாரிகள் பிரேக் ஆற நிறுத்துகிற அகலமான இடம் இருந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்.

இறங்கினார். வலிக்கிற முழங்காலை மண்ணில் ஊன்றி, குனிந்து, தலையைத் தரையோடு வைத்துப் பார்த்தார். கையை உள்ளே விட்டார். உடனே வெளியே இழுத்தார், சுட்டுவிட்டது. “இங்க வா,” என்றார்.

அவளும் மண்டியிட்டாள். கரிபிடித்துக் கிடந்த அடிச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு நகத்தின் அகலத்துக்குப் புதிதாகத் தேய்ந்து, வெள்ளிபோலப் பளபளத்தது. அங்கே கொஞ்சம் தார் ஒட்டியிருந்தது.

“யார் கழட்டினது?”

“நான்தான் கழட்டச் சொன்னேன்.”

“யார் கழட்டினதுன்னு கேட்டேன்.”

“தம்பி. ஆனா உங்ககிட்ட சொல்லணும்னு அவன் கண்டிஷனா சொன்னான். நான்தான் சொல்லல. இப்ப மேல இருக்கும்போது ஃபோன் பண்ணி, உங்ககிட்ட குடுன்னு கெஞ்சினான். அப்பவும் நான்தான் குடுக்கல. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க.”

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையுறையைக் கழற்றினார்.

“இருபத்தாறு வருஷத்துல,” என்றார், “நான் விசில் இல்லாம ஒரு நாள் வண்டி எடுத்ததில்ல. பின்னாடி என்ன இருக்கு, எவ்வளவு இடம் இருக்கு, எனக்கு என்ன தெரியும்? அவன் அடிச்சா நிப்பேன், அடிச்சா எடுப்பேன். நீ அவனைக் கீழ இறக்கிவிட்டுட்டே. நான் அவன் இருக்கான்னு நினைச்சு ஓட்டிட்டிருந்தேன்.”

அவள் அழுதாள்.

மழைத்துளி விழ ஆரம்பித்தது. “பஸ் வந்தா நீ ஏறிக்க,” என்றார் டிரைவர். “மெஷினையும் ஏத்திக்க. நான் தனியா இறக்கிட்டு வர்றேன்.” பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். ஒரு பஸ் வந்தது. படிக்கட்டில் ஆட்கள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் அவர்களைப் பார்த்து இடமில்லை என்று கையை விரித்துவிட்டு விசிலடித்தார். பஸ் அந்த விசிலோடு வளைவில் திரும்பிக் கீழே போனது. அது போன பிறகும் டிரைவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெதுவாவே இறங்கிடலாமே,” என்றாள் அவள்.

“எவ்வளவு மெதுவா போனாலும் இந்த மாதிரி வளைவுல இவ சாய்ஞ்சுதான் திரும்புவா. ஏழு வருஷமா கை சத்தத்தைத் தேடியே சாய்ச்சுப் பழகிடுச்சு. வர்ற வரைக்கும் சாய்க்கும். எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியல. எனக்குப் பயமா இருக்கு.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“எங்க நிறுத்தணும்னு. ஏழு வருஷமா சத்தம் வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி என் வயிறு கவ்விடும். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. இன்னிக்கு ஏறும்போதும் கவ்வுச்சு, இறங்கும்போதும் கவ்வுச்சு. சத்தம்தான் வரல. கவ்வினதும் நான் சொல்றேன்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, கையுறையை மாட்டிக்கொண்டார்.

“மெதுவான்னு சொல்லாதே,” என்றார். “அது என் காதுல ஏறாது.”

வண்டி நகர்ந்தது. சைக்கிள் போகிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பதினெட்டாவது வளைவு. மழையில் சாலை கறுத்துக்கொண்டிருந்தது. சக்களத்தி சாய ஆரம்பித்தாள். டெய்லரம்மா ஓரத்துச் சுவரைப் பார்க்கவில்லை, கீழே இருந்த கூரைகளைப் பார்க்கவில்லை, தன் வயிற்றுக்குள் மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாக எந்தப் பயத்தைத் துரத்தத் துடித்தாளோ, அது வரவேண்டுமே என்று காத்திருந்தாள். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அந்த நொடியில் அவளுடைய பெரிய பயம்.

கவ்வியது.

“ஹோல்டான்!” என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற கண்டக்டர் மாதிரி கத்தினாள்.

சாய்வு அங்கேயே நின்றது. ஒரு மயிரிழைகூட மேலே போகவில்லை. அந்த நிலையிலேயே வளைவைச் சுற்றி வந்து வண்டி நிமிர்ந்தது.

“ரைட்,” என்றாள். “போலாம்.”

வேறொரு நாளாக இருந்தால் அவர் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. மேலும் கீழுமாக வாங்குகிற, சின்னச் சின்ன மூச்சு. இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது பயம் வரக்கூடாதா என்று ஏழு வருஷமாகப் புலம்பியவள் அவள். வந்துவிட்டது. காதுக்குள்ளேயே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறது. அந்தப் பழைய சிரிப்பு ஒரே ஒரு தடவை கேட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பதினேழு. ஹோல்டான். ரைட். பதினாறு. ஹோல்டான். ரைட். பதினொன்றில் அவளுக்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அவர் கை அவள் சொல்லுக்காக அப்படியே காத்து நின்றது. தான் சொல்லாமல் அவர் சாய்ப்பதும் இல்லை, நிமிர்த்துவதும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆறு. ஐந்து. மழையில் குரல் கம்மி, கடைசி மூன்றுக்கு வெறும் காற்றுதான் வந்தது. அதையும் அவர் கேட்டார்.

ஒன்றாம் எண் பலகை பின்னால் போனது. சாலை நேரானது. ஒரு பெட்ரோல் பங்கின் கூரைக்கு அடியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. அவள் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தாள். இரண்டு கையும் பிடியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தன. விட நினைக்கிறார், விரல்கள் விடவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

“கடைசி ஸ்டாப்பிங்,” என்றாள் கம்மிய குரலில். “இறங்குங்க.”

இருவரும் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். அவளுடைய கைப்பைக்குள் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. மலையில் எத்தனை தடவை அடித்ததோ. எடுத்துப் பார்த்தாள், தம்பி. என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் கையை நீட்டினார். அவளுக்குக் கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். இந்தத் தடவை கொடுத்தாள்.

காதில் வைத்தார். அந்தப் பக்கம் தம்பி, அக்கா, அக்கா என்று அழுவது அவளுக்கே கேட்டது. டிரைவர் எதிரே நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமே பேசாமல் இருந்தார். பெட்ரோல் போட வந்தவன் ஒருவன் போட்டுக்கொண்டு கிளம்பியும் போய்விட்டான். அவர் இன்னும் பேசவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு நிமிஷம் கழிந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“மச்சான்,” என்றார் கடைசியில். “ரெண்டு பேரும் இருக்கோம். அந்த டப்பாவை எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வா. நீயே வந்து மாட்டு. அதுவரைக்கும் நான் இதைத் தொட மாட்டேன்.”